குற்றப் பதிவுகளில் உடல்வாகு

மெய்யாக நடந்த குற்றங்களை விவரிக்கும் நூல்களும் இதழ்க் கட்டுரைகளும் குற்றவாளியின் பருமன், உயரம், முகத்தோற்றம் ஆகியவற்றை அவரது குணத்தின் அடையாளமாகக் காட்டும் எழுத்துமுறை இது. இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளியை உடற்குறிகளால் இனங்காணலாம் என்று 1876 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டதால், இம்முறைக்கு அறிவியல் சாயம் ஏறியது. ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சார்ள்ஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளை ஆராய்ந்து 1913 இல் அக்கருத்தை மறுத்தார். கைதிகள் பொதுமக்களைவிடச் சராசரியில் குள்ளமாகவும் எடை குறைந்தும் இருந்தனர் என்ற அவரது முடிவு, பேருருவம் கொண்ட கொடியவன் என்னும் வழக்கமான சித்திரத்துக்கு நேர்மாறானது.

இந்தியப் பத்திரிகைகள், 1981 பெஹ்மாய் கிராமக் கொலைகளில் குற்றஞ்சாட்டப்பட்ட கொள்ளைக்கூட்டத் தலைவி பூலான் தேவியை அச்சமூட்டும் பேரழகியாகக் கற்பனை செய்திருந்தன. 1983 பெப்ரவரி 12 அன்று மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் நகரில் சரணடைய மேடையேறியவரோ, தலையில் சிவப்புத் துணி கட்டிய, குள்ளமான மெலிந்த பெண். 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் ஒல்லியான தேகத்தினர் ஆதலால், அவரைப் பற்றி எழுதியோர் அச்சத்தின் சின்னமாக மீசையையே முன்னிறுத்தினர்.

உடல் வருணனை ஆளை அடையாளம் காட்ட உதவலாம். குற்றத்துக்கான சான்று ஆகாது.