ஆப்ரோ முடியும் அலுமினிய ஏரியலும்

கோலா தெர்லாவிலிருந்து திரிங்காப், கியா பார்ம் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்து வழியாக ஏறினால் பிரிஞ்சாங் மலையுச்சி. 2,000 மீட்டருக்கும் மேலான உயரம். வருகிறவர்கள் பாசிக்காட்டைப் படமெடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அங்கே நிற்கும் கோபுரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் இந்த மாதிரிக் கோபுரங்கள் வழியாகத்தான் நகரத்துப் பாட்டு தோட்டத்து லயங்களுக்குள் வந்தது.

மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28இல். பாப் அலை அதற்குச் சற்று முன்பே அடிக்க ஆரம்பித்துவிட்டது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போன பிறகு, மலாய் இளைஞர்கள் மின்கித்தாரைத் தூக்கினார்கள். குழுக்களுக்கு ‘குகிரான்’ என்று பேர். பாட்டுக்கு ‘பாப் யே யே’ என்று பேர். அந்த ‘யே யே’ பீட்டில்ஸிடமிருந்து வந்தது. 1964இல் எம். ஒஸ்மான் பாடிய ‘சுசானா’வை இந்த அலையின் தொடக்கமாகச் சொல்வார்கள்.

பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. இறுக்கமான கால்சட்டை, நீள முடி, இடுப்பாட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ‘மஞ்சள் கலாச்சாரம்’ என்றார்கள். பக்கத்து இந்தோனேசியாவில் நிலைமை இன்னும் மோசம். பீட்டில்ஸ் பாணியில் பாடியதற்காக கோயெஸ் சகோதரர்களை 1965இல் சிறையிலேயே போட்டார்கள்.

சரி, அப்போது நம்ம பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் தமிழ்ப்படங்களில். 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யே அவர்களுக்கு ட்விஸ்ட் ஆட்டத்தையும் காட்டிவிட்டது. தொலைக்காட்சியில் தமிழுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். 1969 மே கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். 1971இல் கூடிய தேசியக் கலாச்சார மாநாடு, நாட்டின் கலாச்சாரத்துக்கு இந்த மண்ணின் பூர்வகுடிப் பண்பாடே அடிப்படை என்றது. ‘இது உன் நாடுதானா?’ என்ற கேள்வி லயத்து வாசல்வரைக்கும் வந்துவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் அலிகேட்ஸ் குழுவைப் பார்க்க வேண்டும். பினாங்குத் தமிழ் அண்ணன் தம்பிகள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும். ஹாங்காங் கேளிக்கை விடுதிகளில் பாடிப் பழகியவர்கள். 1970களின் இறுதியில் மலாய்ப் பாடல்களுக்கு வந்தார்கள். எம். நாசிர் அவர்களுக்கு மெட்டமைத்தார். 1978 டிசம்பரில் தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறியிருந்தது. கறுத்த முகம், கூடைபோலப் பெருத்த ஆப்ரோ முடி, பளபளக்கும் உடை. நாட்டுக்கே அந்த முகங்கள் பழகிப்போயின.

வீட்டுக்கு வீடு மின்சாரம் வராத தோட்டங்களில் கார் பேட்டரியில் பெட்டியை ஓட்டியவர்கள் உண்டு. ஒருத்தர் கூரையில் ஏரியலைத் திருப்ப, இன்னொருத்தர் உள்ளேயிருந்து “இப்ப தெரியுது, அப்படியே புடி” என்று கத்துகிற காலம். அப்படிப் பார்த்தவர்களுக்கு அலிகேட்ஸ் வெறும் பாட்டுக்குழு இல்லை. ‘நம்மாளுங்க’.

இதில் ஒரு நெருடலும் இருக்கிறது. அந்த நம்மாளுங்க புகழ்பெற்றது தமிழில் பாடி அல்ல. மொழியை விட்டால்தான் இடம் கிடைக்குமா என்று கேட்கலாம். எனக்கு அந்தக் கேள்வி பாதிதான் சரி. தேசியக் கலாச்சாரம் எது என்று மாநாடு கூட்டி வரையறுத்த காலத்திலேயே, இரண்டு தமிழர்கள் மலாய்க் காதல் பாட்டுக்குக் குரலாகிவிட்டார்கள். எந்தக் கொள்கையும் அவர்களை அழைக்கவில்லை. மக்களின் காதுதான் அழைத்தது. ஆனால் அதே காது தமிழ்ப் பாப் பாட்டுக்குத் திறக்கவில்லை என்பதும் உண்மை. அதற்கு இன்னும் பல வருஷம் ஆனது.

முடியைப் பற்றிய பயம் மட்டும் போகவில்லை. 1992இல் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட் நீள முடி ராக் பாடகர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியின் கதவை மூடினார். சர்ச் குழுவின் ஏமியும் விங்ஸ் குழுவின் அவியும் முடி வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

லோகநாதன் 2007இல் இறந்தார். அலிகேட்ஸின் பழைய ஒளிப்பதிவுகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. தோட்டத்துக் கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் கித்தார் வாசித்த நம்ம பையன்களை எந்தக் கேமராவும் படம் பிடிக்கவில்லை. அவர்களுக்கு இப்போது எழுபது வயதிருக்கும். கோலா தெர்லாவிலோ ரிங்லெட்டிலோ அப்படி ஒரு தாத்தா இருந்தால், போய் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். நம் பாப் வரலாற்றில் எழுதப்படாத பாதி அவரிடம்தான் இருக்கிறது.