கடல் இல்லாத திருச்சிக்கும் புயல் வரும்: உஷாரா இருப்பது எப்படி?

"நம்ம ஊர்ல கடலே இல்லையே, புயல் என்ன பண்ணிடும்?" என்று திருச்சியில் பலர் சொல்வது உண்டு. 1977-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி அதிகாலை நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயல், அன்று காலை திருச்சியில் மணிக்கு 120 கிலோ மீட்டர் வேகத்தில் வீசியது. தமிழகத்தில் 560 பேர் பலியானார்கள்.

இங்கே காற்றை விட தண்ணிதான் பயம். மணப்பாறை பக்கம் கொட்டும் மழை கோரையாறு வழியாக வந்து கருமண்டபம் பகுதியை சூழ்ந்து விடும். ஸ்ரீரங்கமோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. ஆத்துல தண்ணி ஏறும்போது அம்மா மண்டபம் படித்துறையில் போய் வேடிக்கை பார்ப்பது வேண்டாத வேலை.

தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் இருப்பவர்கள் மேலே கல்லை வைத்து விட்டு படுத்து விடக்கூடாது. காற்றில் ஷீட்டோடு கல்லும் பறக்கும். இருட்டும் முன்பே முகாமுக்கு போய்விட வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரைகளை பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கோங்க. மாட்டை அவிழ்த்து விடுங்க. ஆட்டோவை மரத்தடியில் நிறுத்தாதீங்க.

காற்று திடீர்னு நின்னா புயல் போயிடுச்சுன்னு வெளியே வரக்கூடாது. அது புயலின் கண் பகுதியாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் இருந்து அடிக்கும்.

மறுநாள் காலையில்தான் அடுத்த ஆபத்து. தேங்கிய தண்ணியில் அறுந்த கரண்ட் கம்பி கிடக்கும். கிட்டே போகாமல் மின்னகத்துக்கு (94987 94987) போன் போடுங்க. வெள்ளம் புகுந்தால் கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறை எண் 1077.