வர்க்கத்தைக் கழித்த பின் எஞ்சுவது எது? பிரிட்டனில் தெற்காசியப் புலம்பெயர்ந்தோரின் உடல்நலம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடியேறியவர்களின் 1970–78 கால இறப்பு விவரங்களை மைக்கேல் மார்மட்டும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் வெளியிட்டனர். இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்தவர்கள் இதயநோயால் மற்றவர்களைவிட அதிகமாக இறந்தது அதில் தெரிந்தது. தொழிலை வைத்து வகுத்த சமூக வர்க்கத்தைக் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. அதனால் பிரிட்டனின் மருத்துவ ஆய்வு பல ஆண்டுகள் வர்க்கத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மரபணுவிலும் நெய்யிலும் காரணம் தேடியது. இந்தக் கழித்தல் கணக்கில்தான் பிழை இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். புலம்பெயர்ந்தவர் எந்த வர்க்கத்தில் போய் விழுவார் என்பதை அவருடைய இனமே பெரிதும் முடிவு செய்கிறது. அப்படியிருக்க வர்க்கத்தைக் கழித்துவிட்டு எஞ்சுவதை இனத்தின் இயல்பு என்று எழுதினால், சமூகம் செய்த வேலை உடலின் பெயரில் பதிவாகிவிடும்.

இதை எண்களால் காட்டியவர் சமூகவியலாளர் ஜேம்ஸ் நஸ்ரூ. 1993–94-இல் நடந்த சிறுபான்மை இனத்தவர் பற்றிய நான்காவது தேசிய ஆய்வை ஆராய்ந்து 1997-இல் நூலாக வெளியிட்டார். ஒரே வர்க்கத்தில் வைக்கப்பட்டவர்களின் வருமானத்தை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, உயர் வர்க்கத்தில் இருந்த பாகிஸ்தானியர், வங்கதேசத்தவரின் சராசரி வருமானம் அதே வர்க்க வெள்ளையரின் வருமானத்தில் ஏறத்தாழ பாதிதான். கடைநிலை வர்க்கத்து வெள்ளையர் ஈட்டியதற்கு அது ஏறத்தாழ சமம். வீட்டின் நெரிசல், கார், வீட்டுச் சாதனங்கள் போன்ற வாழ்க்கைத்தர அளவைகளைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது, உடல்நல வேறுபாடு கணிசமாகச் சுருங்கியது. மார்மட் குழுவின் தரவு தவறல்ல. ‘வர்க்கம்’ என்று அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் வெள்ளையருக்கு ஒன்றையும் மற்றவருக்கு வேறொன்றையும் அளந்தது.

ஏன் அப்படி? பாகிஸ்தானின் மங்களா அணைக்காக நிலமிழந்த மீர்ப்பூர்க்காரர்கள் பலர் 1960-களில் பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகளுக்கு வந்தார்கள். உள்ளூர்த் தொழிலாளர் விரும்பாத இரவு ஷிஃப்ட் பெரும்பாலும் அவர்கள் தலையில் விழுந்தது. ஆலைகள் மூடியபோது பலர் வாடகைக் கார் ஓட்டப் போனார்கள். படித்தவர்களுக்கும் இதே கதைதான். அரசு மருத்துவச் சேவைக்கு வந்த தெற்காசிய மருத்துவர்களுக்கு முதியோர் மருத்துவம், மனநலம், தொழில்நகரங்களின் பொது மருத்துவம் என உள்ளூர் மருத்துவர்கள் தவிர்த்த துறைகளே அதிகம் கிடைத்தன. வர்க்கப் படிநிலையின் ஒவ்வொரு படியிலும் கீழ்ப்பகுதி ஒன்று உண்டு. அங்கே நிற்பவர் யார் என்பதை இனம் தீர்மானித்தது.

ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயின் வரலாறு இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம். வைட்டமின் டி குறைவால் குழந்தைகளின் எலும்பு வளையும் இந்த நோய், ஒரு காலத்தில் கிளாஸ்கோ போன்ற தொழில்நகரங்களின் வெள்ளை ஏழைகளிடம் பரவலாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு மார்கரினில் வைட்டமின் டி சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. குழந்தைகளுக்கு மீன் எண்ணெய் வழங்கியது. தாய்மார்களின் பண்பாட்டைத் திருத்தக் காத்திராமல் உணவையே மாற்றியதால் நோய் பெரிதும் ஒடுங்கியது. அதே நோய் 1960-களிலும் 70-களிலும் ஆசியக் குழந்தைகளிடம் தென்பட்டபோது அணுகுமுறை தலைகீழானது. சப்பாத்தி மாவில் வைட்டமின் டி சேர்க்கலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. 1981-இல் தொடங்கிய ரிக்கெட்ஸ் ஒழிப்புப் பிரசாரம் ஆசியத் தாய்மார்களின் உணவையும் பழக்கத்தையும் மாற்றுவதில் பெரிதும் கவனம் செலுத்தியது. அதே வைட்டமின் குறை ஏழை வெள்ளையருக்கு வந்தபோது பொதுப் பிரச்சினையாகவும், புலம்பெயர்ந்தவருக்கு வந்தபோது அவர்களுடைய வாழ்க்கைமுறைப் பிரச்சினையாகவும் பார்க்கப்பட்டது. இரண்டுக்கும் இடையில் மாறியது நோயாளியின் இனம்.

உயிரியலை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல. தெற்காசியருக்குக் குறைந்த உடல் எடையிலேயே நீரிழிவு வருகிறது. அதனால்தான் பிரிட்டனின் 2013 வழிகாட்டுதல் ஆசியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 23-ஐ எட்டினாலே ஆபத்து கூடுகிறது என்று எச்சரித்தது. இந்த எச்சரிக்கை உயிர்களைக் காக்கும். ஆனால் இதையே முழு விளக்கமாக நீட்டினால் பிசகும். ராஜ் போபாலும் சக ஆய்வாளர்களும் 1999-இல் வெளியிட்ட நியூகாசில் ஆய்வு, ‘தெற்காசியர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பெரும் வேறுபாடு இருப்பதைக் காட்டியது. இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகள் வங்கதேசத்தவரிடம் மிக மோசமாகவும் இந்தியரிடம் ஒப்பீட்டளவில் குறைவாகவும், பாகிஸ்தானியரிடம் இடைப்பட்டும் இருந்தன. செல்வ நிலையும் ஏறக்குறைய இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்ற இதே வரிசையில்தான் இறங்குகிறது. நஸ்ரூவின் ஆய்விலும், கிழக்கு ஆப்பிரிக்காவில் வணிகமும் கல்வியும் பெற்றுவிட்டு வந்த ஆசியரின் பொது உடல்நலம் வெள்ளையருடையதை ஒத்திருந்தது.

2020-இல் இதே கணக்கு கொரோனாவோடு திரும்பி வந்தது. பிரிட்டனில் அத்தொற்றால் முதலில் இறந்த 10 மருத்துவர்களும் சிறுபான்மை இனத்தவர்; உயர்ந்த வர்க்கம் அவர்களைக் காக்கவில்லை. அந்த மே மாதத்தில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட கணக்கின்படி, வயதை மட்டும் கருதினால் கறுப்பின ஆண்கள் இறக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 4.2 மடங்கு. வசிப்பிடம், வீட்டு நிலை, கல்வி, சமூகப் பொருளாதார நிலை முதலியவற்றையும் சேர்த்தால் 1.9 மடங்கு. எஞ்சியதை மரபணுவின் கணக்கில் எழுதச் சிலர் விரைந்தனர். சேர்க்கப்பட்ட சமூகத் தகவலோ 2011 குடிக்கணக்கெடுப்பினுடையது. 2020-இல் ஒருவர் பேருந்து ஓட்டினாரா, முகக்கவசம் போதாத வார்டில் நின்றாரா என்பதை ஒன்பது ஆண்டுப் பழைய படிவம் எப்படிச் சொல்லும்?

தரவு சேகரிக்கும் முறையும் இந்தப் பிழைக்குத் துணை நிற்கிறது. நெடுங்காலமாக இங்கிலாந்தின் இறப்புப் பதிவில் பிறந்த நாடு இருந்தது, இனக்குழு இல்லை. அதனால் அங்கேயே பிறந்த பிள்ளைகளின் இறப்பு ‘பிரிட்டனில் பிறந்தோர்’ கணக்கில் கரைந்தது. இலங்கைத் தமிழர்களுக்குக் குடிக்கணக்கெடுப்பில் தனிக் கட்டமே இல்லை. ‘பிற ஆசியர்’ என்ற கட்டத்தில்தான் பெரும்பாலும் சேர்கிறார்கள். போரிலிருந்து தப்பி வந்து பெட்ரோல் நிலையங்களில் இரவுப் பணி செய்தவர்களின் நலிவைப் பிரித்துப் பார்க்க அந்தக் கட்டம் உதவாது. 2024 செப்டம்பர் முதல் இறப்புக்கான மருத்துவச் சான்றிதழில் இனக்குழுவும் பதிவாகிறது. இது வேண்டிய மாற்றம்தான். ஆனால் இறப்புப் பதிவில் தொழில் என்ற இடத்தில் பொதுவாகக் கடைசி முழுநேர வேலையே எழுதப்படுகிறது. பிராட்ஃபோர்டில் வாலிபம் முழுவதும் இரவு ஷிஃப்ட் பார்த்து, ஆலை மூடியபின் கார் ஓட்டி, இதயநோயால் இறந்தவர் அங்கே ஓட்டுநர் மட்டுமே. ஆலையில் கழிந்த ஆண்டுகளும் அந்தப் படிவத்தில் ஏறும்வரை, இனக்குழுக் கட்டத்தை நிரப்புவதால் மட்டும் அவர் ஏன் இறந்தார் என்று கணக்கிட முடியாது.