நாக்கில் ஒட்டாத பீங்கான்

விருத்தாசலத்துப் பீங்கானுக்கு வேர் நெய்வேலியில் இருக்கிறது. 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணைத் தோண்டியபோது வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. அதை நம்பித்தான் எங்கள் ஊரில் பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்தது. அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் இங்கேதான்.

நான் மின்சாமான் கடை வைத்திருந்தவன். இங்கே செய்யும் பீங்கான் பொம்மையைவிட ஃபியூஸ் கட்டைதான் எனக்குப் பழக்கம். சரக்கு வந்ததும் மூட்டையில் உடைந்து கிடப்பதில் ஒன்றை எடுத்து, உடைந்த முகத்தை நாக்கில் வைப்பேன். ஒட்டிக்கொண்டால் சூளையில் சரியாக வேகவில்லை என்று அர்த்தம். அது ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலத்தில் மின்சாரம் கசியும். ஒட்டாமல் வழுக்கினால் தைரியமாக விற்கலாம். மேலே பூசிய பளபளப்பைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

இந்தச் சோதனையில் நல்ல சீனக் கோப்பை தேறும். 1710-இல் ஆலை கண்ட ஜெர்மனியின் மைசன் பீங்கானும் தேறும். இரண்டும் 1300 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ வெந்தவை. இங்கிலாந்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள், எலும்புச் சாம்பலைப் பாதியளவு சேர்த்து, சற்றுக் குறைந்த சூட்டிலேயே காரியத்தை முடித்தார்கள். அச்சில் கூழ் ஊற்றி எடுக்கும் எங்கள் ஊர் பொம்மைக்கு அவ்வளவு சூடு எதற்கு? அலமாரியில் நிற்பதை மைசனோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

என் கடையில் ஃபியூஸ் கட்டை விற்பனை நின்றது தரத்தில் தோற்றதால் அல்ல. எம்சிபி சுவிட்ச் வந்தது. விரலால் தட்டிவிட்டால் போதும் என்றான பிறகு, இருட்டில் கம்பி சுற்ற யாருக்குப் பொறுமை?