தூக்க மறந்த டிரைவ்

கோவாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் நான் கையெழுத்துப் போட்ட கடன்களில் ஒன்று, ஒரு வேகப் படகுக்கு. சொந்தக்காரர் ஒருநாள் அதை ட்ரெய்லரில் ஏற்றிப் போகும்போது, பின்னால் தொங்கும் டிரைவைத் தூக்க மறந்துவிட்டார். வேகத்தடையில் இடித்து உடைந்தது. சீசன் போச்சு, மூன்று தவணையும் நின்றது. வசூலுக்குப் போன நான் சரித்திரம் படிக்க ஆரம்பித்தேன் :-)

முன்பெல்லாம் உள்ளே எஞ்சின் வைத்த படகுகளில் புரொப்பல்லர் அடியில் நிலையாக நீட்டிக்கொண்டிருக்கும். ரோட்டில் கொண்டுபோவது பெரும்பாடு. 1909-ல் அமெரிக்காவின் ஓலே எவின்ரூட் உருவாக்கிய அவுட்போர்டு மோட்டாரைக் கழற்றி மாட்டலாம். ஆனால் சக்தி கம்மி. இரண்டின் நன்மையையும் சேர்த்தது 1959-ல் வந்த வால்வோ பென்டா அக்வாமேட்டிக். எஞ்சின் உள்ளே, டிரைவ் வெளியே, வேண்டும்போது மேலே தூக்கலாம். இதில் முக்கியப் பங்கு ஜிம் வின்னுக்கு. மெர்குரி கம்பெனியை விட்டு விலகிய பொறியாளர். 1961-ல் மெர்குரியும் மெர்க்ரூசரோடு போட்டிக்கு வந்தது.

தூக்கினால் மட்டும் போதாதாம். குண்டுகுழியில் டிரைவின் கனமெல்லாம் ஹைட்ராலிக் சிலிண்டர் மேல் விழும். அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். வீடு வந்ததும் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பெல்லோஸ் வளைந்தபடியே இறுகி விரிசல் விடும்.

இப்போது படகுக் கடன் கேட்டு யார் வந்தாலும் என் முதல் கேள்வி: "முட்டு இருக்கா?"

மாற்றலுக்கு மாற்றல் கிரைண்டரை லாரியில் ஏற்றும் நமக்கு இதைச் சொல்லியா தரணும்!