கொலாஜன் முச்சுருள்: எலும்புப் புரதத்தின் வடிவம் கிண்டியில் தெரியவந்த வரலாறு

எலும்பும் பல்லும் சுண்ணாம்புச் சத்தால் மட்டுமே ஆனவை என்று பலர் எண்ணுகிறோம். கோழி எலும்பு ஒன்றை வினிகரில் சில நாட்கள் ஊறவைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். அமிலத்தில் தாது உப்புகள் கரைந்துவிடும். எலும்பின் உருவம் அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் போல வளையும். எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். கம்பி கட்டிய பிறகு கான்கிரீட் போடுவதுபோல, கொலாஜன் இழைகளின் இடைவெளிகளில்தான் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப் படிகங்கள் படிகின்றன. பல்லின் உட்பகுதியான டென்டினும் இவ்வாறே உருவாகிறது. வெளிப்பூச்சான எனாமலில் மட்டும் கொலாஜன் இல்லை.

இந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்ததில் முதன்மையான பங்கு சென்னை கிண்டிக்கு உரியது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பலர் இதை அறியாமலே அவ்வழியே கடந்து செல்கின்றனர்.

ஆய்வின் தொடக்கம்

எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன், சர் சி. வி. ராமனின் மாணவர். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்போது துணைவேந்தராக இருந்தவர் ஏ. லட்சுமணசாமி முதலியார். சென்னைக்கு வந்த அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்கு அதுவரை முன்வைக்கப்பட்ட அமைப்புகள் எவையும் திருப்தியாக இல்லை என்று கூறினார். ராமச்சந்திரன் அந்தக் கேள்வியையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

இடமும் அதற்கு ஏற்றதாக அமைந்தது. 1948-இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அருகிலேயே அடையாற்றில் இருந்தது. தோலின் முக்கியப் புரதமும் கொலாஜன்தான். தெளிவான எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுக்கக் கங்காரு வாலின் தசைநாண் பயன்பட்டது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ராமச்சந்திரன் உருவாக்கிய முதல் மாதிரி, 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியானது. 1955-இல் அதைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய வடிவத்தை அவர்கள் வெளியிட்டனர்.

மூன்று புரி

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இவ்வடிவம் எளிதில் புரியும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, பின் மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு பிரியாது. கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடச்சுருளாகவும், மூன்றும் சேர்ந்த முறுக்கு வலச்சுருளாகவும் உள்ளன.

கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமினோ அமிலம் கிளைசின் என்பது அப்போதே தெரிந்திருந்தது. காரணத்தை மாதிரி விளக்கியது. சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாவது இடமும் கயிற்றின் நடுவே உட்புறமாக அமைகிறது. அந்த நெருக்கத்தில், பக்கக்கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவை உடைய கிளைசின் மட்டுமே பொருந்தும்.

எதிர்ப்பிலிருந்து வந்த வரைபடம்

1955-இல் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் மாற்று மாதிரி ஒன்றை வெளியிட்டனர். சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக அவர்கள் குறை கூறினர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றது சென்னை மாதிரி. ஒன்றுதான் என்றனர் அவர்கள். பிணைப்பின் எண்ணிக்கையில் பிற்கால ஆய்வுகள் அவர்கள் பக்கமே சாய்ந்தன. மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு என்ற அடிப்படைக் கருத்து நிலைத்தது.

ராமச்சந்திரன் வாதத்தோடு நிற்கவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதை அறிய, அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வெளியிட்ட கட்டுரையில், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடம் இடம்பெற்றது. 'ராமச்சந்திரன் வரைபடம்' எனப்படும் அதை வைத்தே, இன்றும் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்புகள் சரிபார்க்கப்படுகின்றன.

ஓர் எழுத்து மாறினால்

எலும்பிலும் டென்டினிலும் உள்ள முதல் வகைக் கொலாஜனுக்கு இரண்டு மரபணுக்கள் உள்ளன. 17-ஆம் குரோமோசோமில் உள்ளது இரண்டு சங்கிலிகளுக்கும், 7-ஆம் குரோமோசோமில் உள்ளது மூன்றாவது சங்கிலிக்கும் குறிப்பைத் தருகின்றன. 1980-களில் இம்மரபணுக்களைப் படிக்கத் தொடங்கியபோது, எளிதில் எலும்பு முறியும் பிறவி நோய்க்குக் காரணம் புலப்பட்டது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய அமினோ அமிலம் வந்தால் கயிறு ஒழுங்காக முறுக்கேறாது. சட்டகம் பிழையானால் அதில் படியும் தாதுவும் பலம் தராது. கிளைசின் இன்றியமையாதது என்று 1954-இல் மாதிரி சொன்னதை நோயே மெய்ப்பித்தது.

இந்நோயுள்ள குழந்தைக்குச் சிறு தடுமாற்றத்திலும் எலும்பு முறியலாம். சிலருக்குக் கண்ணின் வெண்படலம் நீலம் பாய்ந்திருக்கும். சிலருக்குப் பற்கள் பழுப்பாகவோ சாம்பல் நீலமாகவோ இருந்து எளிதில் தேயும். குழந்தையைக் கவனமின்றி வளர்த்ததாகப் பெற்றோரைப் பழிப்பது தவறு. கால்சியம் மாத்திரையால் மட்டும் இது சரியாகாது. குறை சட்டகத்தில் இருக்கிறது. அடிக்கடி எலும்பு முறியும் குழந்தையை எலும்பு மருத்துவரிடமும் மரபணு ஆலோசகரிடமும் காட்ட வேண்டும். மரபணுப் பிழையை மாற்றும் சிகிச்சை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்றாலும், முறிவுகளைக் குறைக்க மருந்தும் இயன்முறைப் பயிற்சியும் அறுவை சிகிச்சையும் உதவுகின்றன.

ராமச்சந்திரன் 2001 ஏப்ரலில் சென்னையில் மறைந்தார். அடையாற்றில் உள்ள தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கம் 'ட்ரிப்பிள் ஹெலிக்ஸ்', அதாவது முச்சுருள், என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.