பத்தூர்ப் பெருமான் வென்ற வழக்கு

கருவறையில் நிலைபெற்ற இலிங்கத் திருமேனி வெளியே எழுந்தருளுவதில்லை. கோயிலுக்கு வர இயலாத முதியோரும் நோயுற்றாரும் தத்தம் வாயிலில் நின்றே தொழுதற்பொருட்டு இறைவன் வீதிக்கு வரும் கோலமே செப்புத் திருமேனி. அத்தகைய திருமேனிகள், உயரமும் காலமும் மதிப்பும் அச்சிட்ட பட்டியலோடு மேல்நாட்டு ஏலக்கூடங்களில் விலை கூறப்படும் செய்தியை நாம் கேள்வியுறுகின்றோம். விற்பவர் யார், வாங்குபவர் யார் என்பது ஒருபுறம் இருக்க, உடையவர் யார் என்னும் வினாவே முதன்மையானது. அவ்வினாவிற்கு இலண்டன் நீதிமன்றம் விடை பகர்ந்த வரலாற்றை ஈண்டுச் சிந்திப்போம்.

அந்நாளில் தஞ்சை மாவட்டத்திலும் இன்று திருவாரூர் மாவட்டத்திலும் அமைந்த சிற்றூர் பத்தூர். அங்குச் சோழர் காலத்தில் எழுந்த விசுவநாத சுவாமி திருக்கோயில், பன்னெடுங்காலம் பூசையின்றிப் பாழ்பட்டுக் கிடந்தது. 1976 ஆம் ஆண்டில் கூலித் தொழிலாளி ஒருவர் அவ்விடத்து மண்ணைத் தோண்டுகையில் ஆடவல்லான் திருமேனி வெளிப்பட்டது. அது பல கை மாறிக் கடல் கடந்தது. 1982 இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதனை விலைக்கு வாங்கிற்று. செப்பனிடுவதற்காகப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்தபோது இலண்டன் காவல் துறையினர் அதனைக் கைப்பற்றினர். நிறுவனம் வழக்குத் தொடுத்தது.

எதிர்நின்று உரிமை கோரியோருள் இந்திய அரசும் தமிழக அரசும் மட்டுமன்றிக் கோயில் தக்காரும், அத்திருக்கோயிலும், இடிபாட்டினின்று மீண்டும் வழிபாட்டிற்கு வந்த சிவலிங்கமும் இடம்பெற்றன. கல் வழக்காடுமோ என நகைப்போர் உளர். நம் நாட்டுச் சட்டத்தில் கோயில் கொண்ட இறைவன் உரிமையுடைய ஆள். 1925 இல் இலண்டன் பிரிவி கவுன்சிலே இதனை ஏற்றுள்ளது.

தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சான்றுரைத்தார். அதே இடத்தில் பின்னர்க் கிடைத்த ஏனைத் திருமேனிகளோடு கூத்தப்பிரான் திருமேனி ஒப்பிடப்பட்டது. கோயில் எடுப்பித்தவரின் அறநோக்கம் நூற்றாண்டுகள் கடந்தும் அழியாது, அச்சிவலிங்கத்தின்பால் நிலைபெற்றுள்ளது என 1988 இல் தீர்ப்பு வந்தது. இடிந்த கோயிலும் தன் உரிமைக்காக வழக்குரைக்கலாம் என 1991 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அவ்வாண்டே பெருமான் தாயகம் திரும்பினார்.

பூசை நின்றது, மதில் வீழ்ந்தது, அடியவர் கூட்டம் அகன்றது. எனினும் உடைமை அகலவில்லை. சிவன் சொத்து என்று நம் முன்னோர் அஞ்சிய அச்சத்தின் பொருள் இதுவேயன்றோ?

எனினும் அன்பர்களே, பத்தூர் வழக்கு வென்றது சான்று இருந்தமையால். ஆகவே ஒவ்வொரு கோயிலிலும் உள்ள திருமேனிகளைப் படம் எடுத்து, அளவும் அடையாளமும் ஏட்டில் பதிந்து வைத்தல் நம் கடன். அதுவும் ஒரு திருத்தொண்டே. மேலும், மீண்டு வந்த திருமேனிகள் பல பாதுகாப்பு மையங்களில் பூட்டிய அறைக்குள் உள்ளன. நீதிமன்றம் தருவது உரிமை மட்டுமே. அபிடேகமும் ஆராதனையும் திருவீதி உலாவும் நாம் தரவேண்டியவை. காவல் மிக்க கோயிலும் கடமை தவறாத ஊரும் அமையுமாயின், அவர் மீண்டும் நம் வாயிலுக்கு எழுந்தருளுவார்.